மஞ்சப்பை போன ரயில்

இரண்டு பாஸ்போர்ட், அம்மாவின் பிரஷர் மாத்திரை, காலியான டிபன் டப்பா, ஒரு எலுமிச்சை ஊறுகாய் பாட்டில், மீனாட்சி கோயில் விபூதிப் பொட்டலம். இத்தனையும் ஒரே மஞ்சப்பையில் இருந்தன. 2023 நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் மாலை, அந்தப் பை எங்களை ஜப்பானின் கியோட்டோ நகரில் இறக்கிவிட்டு, வந்த வழியே நாரா பக்கம் திரும்பிப் போய்விட்டது.

பை கிடைத்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஒரு நாளில் நான் கற்றுக்கொண்டது, போவதற்கு முன்னால் மூன்று மாதம் உட்கார்ந்து படித்ததைவிட அதிகம். வயதான அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு ஜப்பான் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 66 வயது. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, மதுரையில் வாழ்க்கைப்பட்டவர். அதுவரை அவர் போன தூரமான ஊர் காசி. அப்பா போனபிறகு வீட்டைவிட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டது. ஒருநாள் தொலைக்காட்சியில் சிவப்பு மேப்பிள் இலைகளைப் பார்த்து, "இப்படி ஒரு மரம் உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் இரண்டு வருடம் பணம் சேர்த்தேன்.

அன்றைக்கு நான் போட்டிருந்த திட்டம் இது: 8 மணிக்கு ஃபுஷிமி இனாரி என்ற மலைக்கோயில். 11 மணிக்கு நாரா. மான்கள், சாப்பாடு, தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர். 4 மணிக்கு ரயில். இருட்டியதும் கியோன் தெரு. நோட்டில் எழுதிப் பார்க்கும்போது எல்லாம் அழகாகப் பொருந்தியது. அம்மாவின் முழங்காலுக்கு அதில் ஒரு நிமிடம்கூட ஒதுக்கியிருக்கவில்லை.

காலையில் கிளம்பவே 9 ஆகிவிட்டது. காரணம் சாப்பாடு. அம்மா சுத்த சைவம். ஜப்பானில் சைவம் என்பது தட்டில் மீன் துண்டு கண்ணில் படாமல் இருப்பதோடு முடிவதில்லை. தாஷி என்று ஒரு சாறு இருக்கிறது. காயவைத்த கட்சுவோ மீனை மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் போட்டு வடித்து எடுப்பார்கள். சூப், நூடுல்ஸ், காய்கறிப் பதார்த்தம் என்று பெரும்பாலானவற்றுக்கு அதுதான் அடிப்படை. நம் ஊர் ரசத்துக்குப் புளித்தண்ணீர் எப்படியோ அப்படி. அதனால் "இதில் மீன் இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது. "மீன் தாஷி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். நான் இந்தக் கேள்வியை ஜப்பானிய எழுத்தில் எழுதி போனில் வைத்திருந்தேன். கடைக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, டப்பாவைத் திருப்பி, அச்சிட்டிருந்ததை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். கியோட்டோவில் புத்த மடங்களின் மரக்கறி உணவு கிடைக்கும். ஷோஜின் ரியோரி என்று பெயர். கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும்தான் அதற்குச் சாறு எடுப்பார்கள். வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஆனால் தினமும் அப்படிச் சாப்பிட நம் பை தாங்காது.

நாங்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஜப்பான் முழுக்க 24 மணி நேரக் கடைகள் இருக்கின்றன. அங்கே வெந்த வெள்ளைச் சோறு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் அடைத்து விற்கும். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் போதும். சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிரும் கிடைக்கும். மதுரையிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைக் கிளறினால் புளியோதரை, தயிரை ஊற்றினால் தயிர்சாதம். அவர்களுடைய அரிசி கொஞ்சம் ஒட்டும். அம்மா அதைப் பார்த்து, "தயிர்சாதத்துக்குன்னே வளர்த்த அரிசி மாதிரி இருக்கு" என்றார். அன்று காலையும் இதைத்தான் கிளறி டப்பாவில் அடைத்தோம். அதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது.

அவசரம் அங்கேயே தொடங்கிவிட்டது. கியோட்டோ நிலையத்தில் நாரா போகும் ரயில் நின்றிருந்தது. இனாரி அதே பாதையில் இரண்டாவது நிறுத்தம் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் ஏறினேன். அம்மா வாசலில் ஒரு நொடி தயங்கினார்.

"ஏட்டி, கேமரா மாட்டுனவுக எல்லாம் அந்தப் பக்கத்து ரயில்லல்ல ஏறுறாக?"

"உனக்கென்னம்மா தெரியும், ஏறு" என்றேன்.

ரயில் முதல் நிறுத்தமான தோஃபுகுஜியில் நின்றது. அடுத்து ஜன்னலில் இனாரி நிலையத்தின் ஆரஞ்சுச் சிவப்புத் தூண்கள் தெரிந்தன. தெரிந்த வேகத்திலேயே மறைந்தன. நான் ஏறியது விரைவு ரயில். அது இனாரியில் நிற்பதில்லை. ரொகுஜிசோ வரை போய் இறங்கி, எதிர்ப்பக்கம் சாதாரண ரயில் பிடித்துத் திரும்பி வந்தோம். பணம் பெரிதாக ஒன்றும் போகவில்லை. கியோட்டோவிலிருந்து இனாரிக்கு அப்போது 150 யென். ஆனால் அந்த நடைமேடைக் குளிரில் நின்றபோது நான் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். "நீ சீக்கிரம் கிளம்பியிருந்தா இந்த அவசரமே வந்திருக்காது" என்றேன். அம்மா பதில் பேசவில்லை. சேலை மேல் போட்டிருந்த ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தப்பு என்னுடையது. அவர் சரியாகத்தான் சொன்னார்.

ஃபுஷிமி இனாரி போகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: ரயில் நாரா பக்கம் போகிறதா என்று பார்த்தால் போதாது, அது எந்த வகை ரயில் என்றும் பார்க்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஆங்கிலமும் மாறி மாறி வரும். 'லோக்கல்' என்று இருந்தால் ஏறலாம். 'ரேபிட்' என்ற சொல் கண்ணில் பட்டால், அது எங்கெங்கே நிற்கும் என்று பார்க்காமல் ஏறக்கூடாது. அப்புறம், கூட்டம் எந்த ரயிலில் ஏறுகிறது என்று கவனிக்கும் கண் அம்மாக்களுக்கு உண்டு. அதை நம்பலாம்.

இனாரி நெல்லுக்கான தெய்வம். கி.பி. 711-இல் தொடங்கிய கோயில் என்கிறார்கள். அனுமதிச் சீட்டு கிடையாது, இரவும் பகலும் திறந்திருக்கும். வழியெல்லாம் கல் நரிகள். ஒன்றின் வாயில் நெற்கதிர், இன்னொன்றின் வாயில் களஞ்சியச் சாவி. நரிதான் அந்தத் தெய்வத்தின் தூதுவன். "நெல்லுச் சாமின்னா நம்ம சாமிதான்" என்று அம்மா செருப்பைக் கழற்றப் போனார். அங்கே கழற்ற வேண்டியதில்லை என்று சொல்லி நிறுத்தினேன்.

தோரி என்கிற சிவப்பு வாயில்கள் மலை மேல் வரை ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. ஏறும்போது வெறும் சிவப்புத்தான் தெரியும். அம்மா இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். அப்படி நின்று திரும்பிப் பார்த்தபோதுதான், ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் கறுப்பு எழுத்து இருப்பதைக் கண்டார். அது என்ன என்று கேட்டார். கொடுத்தவர் பெயரும் கொடுத்த தேதியும் என்றேன்.

"உபயமா?"

சரியாக அதேதான். நம் கோயிலில் டியூப் லைட்டின் மேல் வெளிச்சம் பாதி மறைகிற மாதிரி உபயதாரர் பெயர் எழுதியிருப்பார்களே, அந்த வழக்கம்தான் இங்கே மலை உயரத்துக்கு நிற்கிறது. நான் எத்தனையோ படங்களில் இந்த வாயில்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு சொல் எனக்குத் தோன்றியதில்லை. அம்மாவின் மூச்சிரைப்புக்காக நிற்காமல் இருந்திருந்தால் நான் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன்.

மலை 233 மீட்டர்தான். ஆனாலும் உச்சி வரை போகவில்லை. நெருக்கமான வாயில்கள் முடியும் இடத்தில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அதன் பக்கத்தில் இரண்டு கல்விளக்குகள். அவற்றின் தலையில் உருண்டையான கல் உட்கார்ந்திருக்கிறது. மனதில் ஒன்றை வேண்டிக்கொண்டு கல்லைத் தூக்க வேண்டும். நினைத்ததைவிட லேசாக இருந்தால் காரியம் கைகூடும், கனமாக இருந்தால் பாடுபட வேண்டும்.

"இளவட்டக்கல்லு மாதிரியா?" என்றார் அம்மா. அவருடைய ஊரில் மந்தையில் ஒன்று கிடந்ததாம். அதைத் தோளுக்குத் தூக்கியவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று பழைய பேச்சு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆட்டுக்கல்லில் குழவியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சாண் உயரம் தூக்கி, மெதுவாக வைத்தார். வரிசையில் பின்னால் நின்ற இரண்டு ஜப்பானியப் பெண்மணிகள் கை தட்டினார்கள். என்ன வேண்டினார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. "கனமே இல்ல" என்று மட்டும் சொன்னார். நானும் தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது.

கீழே இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டோம். நடந்துகொண்டே சாப்பிடுவது அங்கே அவ்வளவு நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை. குப்பைத்தொட்டியும் எளிதில் கிடைக்காது. குப்பைக்கென்று தனியாக ஒரு கவரை மடித்து வைத்துக்கொள்வது நல்லது.

நாராவுக்கு வந்து சேர 2 மணி தாண்டிவிட்டது. அங்கே இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. இரண்டு தனித்தனி ரயில் நிறுவனங்களுடையவை: ஜே.ஆர். நாரா, கின்டெட்சு நாரா. பூங்காவுக்குப் பக்கத்தில் இருப்பது கின்டெட்சு. கியோட்டோவிலிருந்து நேராக நாரா போகிறவர்கள், அதுவும் முழங்கால் வலிக்காரர்களோடு போகிறவர்கள், அந்த ரயிலில் போவதுதான் நல்லது. நாங்கள் இனாரியிலிருந்து வந்ததால் ஜே.ஆர். நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தோம்.

மான்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கசுகா கோயில் தெய்வம் வெள்ளை மான் மேல் ஏறி வந்ததாக ஐதீகம். அதனால் ஊருக்குள் ஆயிரத்துக்கும் மேலான மான்கள் பயமில்லாமல் நடமாடுகின்றன. அப்போது 200 யென் கொடுத்தால் ஒரு கட்டு மான் பிஸ்கட் கிடைத்தது. தலை வணங்கினால் மானும் வணங்கும். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு தராமல் போக்குக் காட்டினால் மான் கடிக்கும், முட்டும். சேலை கட்டியவர்கள் முந்தானையை இறுகச் செருகிக்கொள்ள வேண்டும். அம்மாவின் முந்தானையை ஒரு மான் பின்னாலிருந்து இழுத்து மெல்லத் தொடங்கியது. நான் பதறினேன். அம்மா திரும்பி, வீட்டில் கன்றுக்குட்டியை அதட்டுகிற குரலில் "த்தூ, விடு" என்றார். விட்டுவிட்டது. பிஸ்கட் தீர்ந்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் அவை விலகிப் போகும். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

தோதாய்ஜிக்கு நான் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். ஒன்றேகால் மணி நேரம் இருந்தோம்.

மண்டபமே மலைக்க வைக்கிறது. இப்போது நிற்பது 1709-இல் கட்டி முடித்தது. முதலில் இருந்தது இதைவிட அகலமாம். உள்ளே சுமார் 15 மீட்டர் உயரத்தில் வெண்கல புத்தர். அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். இந்தப் புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து வந்த ஒரு துறவி. போதிசேனர் என்று பெயர். 736-இல் கடல் கடந்து வந்தவர். கண்ணில் மை தீட்டிய தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, அந்தக் கயிறுகளைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கண் திறந்த புண்ணியம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் சேர வேண்டும் என்பதற்காக. அந்தத் தூரிகையும் கயிறும் இன்றும் நாராவிலேயே, ஷோசோயின் என்ற பழைய கருவூலத்தின் பொருள்களில் இருக்கின்றன.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஊரில் புரவியெடுப்புத் திருவிழா உண்டு. வேளார் வீட்டில் மண்குதிரை செய்து வைத்திருப்பார்கள். எடுத்துப்போகிற அன்று வேளார்தான் குதிரைக்குக் கண் திறப்பார். கண் திறக்கும் வரை அது வெறும் மண். திறந்தபிறகு அது அய்யனார் குதிரை. சின்ன வயதில் அம்மா அவருடைய அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார். அந்தக் கூட்டத்தின் வேர்வை வாசனை வரை இப்போதும் நினைவிருக்கிறது என்றார். அப்பா போனபிறகு, தானாக இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மணியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மண்டபம் நவம்பரில் 5 மணிக்கு மூடிவிடும். அந்த மாதத்தில் 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதையும் திட்டம் போடுகிறவர்கள் மறக்கக்கூடாது. குளிர் இறங்கியது. கடைகளில் கைரோ என்று ஒட்டுப் பொட்டலம் விற்கிறார்கள். பிரித்து உள்பாவாடை நாடாவுக்கு மேலே துணியில் ஒட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் சூடு தரும். தோலில் நேராக ஒட்டக்கூடாது, சுட்டுவிடும். அம்மாவுக்கு இரண்டு ஒட்டிவிட்டேன். நிலையத்துக்கு வந்தபோது அவருடைய நடை தளர்ந்திருந்தது. நடைமேடையில் "அம்மா, இங்க பாரு" என்று ஒரு படம் எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் முகம் நிறைந்திருந்தது. தோளில் மஞ்சப்பை.

அந்தப் பை என் சித்தி மகள் கல்யாணத்தில் தாம்பூலத்துக்குக் கொடுத்தது. அம்மா வெளியூர் போனால் அதைத்தான் எடுப்பார். சுற்றுலாப் பயணிகள் பாஸ்போர்ட்டை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானில் சட்டம். என் கைப்பையின் ஜிப் பழுதாகிவிட்டதால், காலையில் இரண்டு பாஸ்போர்ட்டையும் அம்மாவின் பையில் போட்டேன். மாத்திரையும் அதில்தான் இருந்தது. எல்லா முட்டையையும் ஒரே அடைகோழிக்கு வைத்த மாதிரி ஆயிற்று.

ரயிலில் கூட்டம். ஒரு பையன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான். நான் பையை வாங்கி மேலே சாமான் பலகையில் வைத்தேன். கியோட்டோ வந்ததும் கூட்டத்தோடு இறங்கினோம். பயண அட்டை என் சட்டைப் பையில் இருந்ததால் வெளிவாசலில் பையைத் தேட வேண்டிய தேவையே வரவில்லை. வெளியே வந்து நின்றபோது அம்மா சொன்னார்:

"மாத்திர போடணும்டி. பைய குடு."

அந்த நிமிடத்தை எழுத எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. காது அடைத்துக்கொண்டது. திரும்பி ஓடினால், அந்த ரயில் அங்கே இல்லை. கியோட்டோ அந்த ரயிலுக்குக் கடைசி நிலையம். வந்த ரயிலே நாராவுக்குத் திரும்பிப் போயிருந்தது.

அம்மா என்னைத் திட்டவில்லை. "யாரு வெச்சா, எங்க வெச்சா" என்று கேட்கவில்லை. காலையில் நான் அவரிடம் பேசிய பேச்சு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர், "வா, கேப்போம். மொகத்தத் தொடச்சிக்க" என்று தன் முந்தானையை நீட்டினார்.

நிலைய வாசலில் இருந்த ஊழியரிடம் போய் மொழிபெயர்ப்புச் செயலியில் பேசினேன். இங்கே ஒரு சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: வசுரெமொனோ. ரயிலிலோ கடையிலோ விட்டுவந்த பொருளுக்கு அவர்கள் சொல்வது. 'மறந்த பொருள்' என்று அர்த்தம். 'தொலைந்த பொருள்' இல்லை. அந்த நிலையில் இருக்கும்போது இந்த வித்தியாசமே ஒரு ஆறுதல். அவர் மூன்று கேள்வி கேட்டார். எந்த ரயில்? எந்தப் பெட்டி? பை எப்படி இருக்கும்?

எந்த ரயில் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் நடைமேடையில் எடுத்த படம் நினைவுக்கு வந்தது. அம்மாவின் தலைக்கு மேலே, ரயில் புறப்படும் நேரமும் வகையும் அறிவிப்புப் பலகையில் தெளிவாக விழுந்திருந்தன. பையும் அதே படத்தில் இருந்தது. எந்தப் பெட்டி என்பதை அம்மா சொன்னார். "முன்னால இருந்து ரெண்டாவது. எறங்குன எடத்துக்கு நேரா படி இருந்துச்சு." ஊழியர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கீரோய்" என்றார். மஞ்சள் என்று அர்த்தம் என்பதைச் செயலி சொன்னது. போனை எடுத்து யாரிடமோ பேசத் தொடங்கினார்.

அன்றிலிருந்து எங்கே ரயில் ஏறினாலும், பலகையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.

பதில் வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் நான் அடுத்து செய்ய வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தேன். பை கிடைக்காவிட்டால் கோபான் என்கிற சின்னக் காவல் சாவடிக்குப் போய்ப் புகார் கொடுத்து, அதற்கான சான்றை வாங்க வேண்டும். ஒசாகாவில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் அங்கே கேட்கலாம். அதற்கு பாஸ்போர்ட் நகலும் புகைப்படமும் வேண்டும். நகல் என் போனில் இருந்தது. காகிதத்தில் ஒன்றும் புகைப்படங்களும் விடுதியில் பெட்டியில் இருந்தன. கிளம்பும்போது அண்ணன் வற்புறுத்தி வைக்கச் சொன்னது. மாத்திரைக்குத்தான் வழி தெரியவில்லை. ஒரு மாதத்துக்குக் குறைவான மாத்திரைகளைத் தனி அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குக் கொண்டுபோகலாம் என்று படித்து, மருத்துவர் சீட்டோடு மொத்தத்தையும் கொண்டுவந்திருந்தேன். ஆனால் அத்தனை அட்டையையும் ஒரே பையில் போட்டிருந்தேன். பாதியை விடுதியில் வைத்திருக்க வேண்டும். இதற்கு மட்டும் நான் என்னை மன்னிக்கவில்லை.

பை உஜி நிலையத்தில் இருந்தது. யாரோ பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். தெரியாது என்றார்கள்.

திரும்ப ரயில் ஏறி உஜி போனோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மேசை மேல் மஞ்சப்பை. மணமக்கள் பெயர் எங்களைப் பார்த்தபடி இருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. அடையாள அட்டை கேட்டார்கள். அடையாள அட்டை பைக்குள்தான் இருக்கிறது என்று சைகையில் சொல்லி, போனில் இருந்த நகலைக் காட்டினேன். இளைஞர் ஒருவர் வெள்ளைக் கையுறையோடு ஒவ்வொரு பொருளாக எடுத்து மேசையில் வைத்தார். பாஸ்போர்ட் இரண்டு. படத்தையும் முகத்தையும் பார்த்தார். மாத்திரை அட்டைகள். டிபன் டப்பா. மூன்று கவர் சுற்றிய ஊறுகாய் பாட்டில். கடைசியில் காகிதத்தில் மடித்த விபூதி.

பொட்டலத்தைப் பிரித்தவர் கை நின்றது. சாம்பல் நிறப் பொடி. பக்கத்தில் இருந்த பெரியவரைக் கூப்பிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. செயலியில் விபூதி என்று தமிழில் பேசினால் அது ஏதோ சம்பந்தமில்லாத ஒன்றைச் சொன்னது. அம்மா என்னை விலக்கினார். பொட்டலத்தில் மூன்று விரலை வைத்து, கண்ணை மூடி, நெற்றியில் பூசிக்கொண்டார். கொஞ்சம் எடுத்து என் நெற்றியிலும் பூசினார். பிறகு இரண்டு கையையும் கூப்பி அவர்களைப் பார்த்தார்.

பெரியவர் உடனே கையைக் கூப்பினார். இளைஞரும் கூப்பினார். பொட்டலத்தை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நான் பணம் கொடுக்க முயன்றேன், வாங்கவில்லை. விபூதி, குங்குமம் கொண்டுபோகிறவர்கள் கோயில் பெயர் அச்சிட்ட உறையிலேயே வையுங்கள். எல்லா இடத்திலும் இப்படிப்பட்ட மனிதர்கள் கிடைக்க மாட்டார்கள்.

நடைமேடையில் தானியங்கிப் பெட்டி இருந்தது. குளிர்காலத்தில் அதில் சூடான பானமும் வரும். சிவப்புப் பட்டை இருந்தால் சூடு, நீலம் இருந்தால் குளிர். சூடான தேநீர் இரண்டு பாட்டில் எடுத்தேன். அம்மா முதலில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அப்புறம் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ம்மா, காலைல அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"எப்ப?" என்றார். நிஜமாகவே மறந்துவிட்டாரா, எனக்காகவா என்று தெரியவில்லை.

மீதிச் சில்லறையை அவர் உள்ளங்கையில் கொட்டினேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், ஒரு செம்பு நிறக் காசில் நின்றார். 10 யென். "இதுல ஒரு கோயில் இருக்கு, பாரு. ரெண்டு பக்கமும் றெக்க விரிச்ச மாதிரி."

பியோதோயின். 1053-இல் கட்டிய பீனிக்ஸ் மண்டபம். அது இந்த உஜியில்தான், இந்த நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. என் நோட்டில் அது இல்லை. நேரமில்லை என்று நான்தான் அடித்துவிட்டிருந்தேன். அந்த நேரத்துக்கு மூடியிருப்பார்கள் என்றேன்.

"நாளைக்குத் தெறப்பாகள்ல?"

மறுநாள் ஒசாகா கோட்டை. சீட்டுகூட வாங்கியாகிவிட்டது. அம்மா காசை மட்டும் தனியாக எடுத்து, விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்தார்.

"தெறப்பாகம்மா" என்றேன்.

கியோட்டோ போகும் ரயில் வந்தது. அம்மா மேலே சாமான் பலகையைப் பார்க்கவே இல்லை. பையை மடியில் வைத்து, காதுப்பட்டையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, நான் இனாரி நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்குள் தூங்கிவிட்டார்.